தண்ணி வைத்த வீடு

உப்புக்கிடங்குச் சந்தில் பழுதான மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் தை மாதத்தில் ஒருநாள் காலை தன் புறாக்களோடு சேர்ந்து மேலே போனான், போனவன் சாயங்காலம் இறங்கும்போது தன் வீட்டு மாடியை விட்டுவிட்டு எதிர்ச்சாரியில் இருக்கும் ரெஜினா வீட்டு மாடியில் இறங்கினான், இறங்கியவனுக்கு அவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டாள், அவனும் குடித்துவிட்டான். நடந்தது இவ்வளவுதான். அவன் மேலே போனதில் எங்களுக்கு ஒரு தகராறும் இல்லை. இறங்கின இடத்தில்தான் எல்லாச் சிக்கலும்.

எங்கள் சந்து கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்பக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிக்கொண்டு, மாடிக்கு மாடி தாண்டிப் போகிற மாதிரி கட்டியிருப்போம். எல்லா மாடியிலும் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, ஒரு துணிக்கொடி, கால் உடைந்த ஒரு நாற்காலி, பாதி மாடிகளில் ஒரு புறாக்கூண்டு. புறா விடுகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. ஒரு காலத்தில் ஆகாயத்தில் கர்ணம் அடிக்கிற ஒரு ஜோடிப் புறாவுக்காக இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டு, ஒருவருக்குக் கண் போய், இன்னொருவர் ஊரை விட்டே போய், சந்து முழுக்க ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்த பிறகு, எல்லோரும் டீக்கடை இஸ்மாயில் பாய் முன்னால் உட்கார்ந்து ஒரு முறையை வைத்துக்கொண்டார்கள். வழி தவறி அடுத்த மாடியில் இறங்கின புறாவைச் சொந்தக்காரர் படியேறி வந்து கேட்டால் மறுபேச்சு பேசாமல் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அவர் வருவதற்குள் அது அந்த வீட்டுத் தண்ணீரில் அலகை வைத்துவிட்டால் அது அந்த வீட்டுப் புறா. அப்புறம் அழுதாலும் கிடையாது, அடித்தாலும் கிடையாது. அதற்கப்புறம் எங்கள் சந்தில் புறாவுக்காக ஒரு மண்டையும் உடைந்ததில்லை என்பதால் அந்த முறையை நாங்கள் சாமி மாதிரி வைத்திருந்தோம்.

அந்த முறையை எங்கள் எல்லோரையும்விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவன் ஏகாம்பரம்தான். அவனுடையது பெரிய கூட்டமெல்லாம் இல்லை, இரண்டு கூடையைக் கவிழ்த்தால் மூடிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது கலெக்டர், ஓயாமல் முனகுகிறது வக்கீல், எந்தப் பெட்டையைப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி வருகிறது மைனர். எல்லாவற்றுக்கும் மேலே சாம்பிராணி. புகை நிறத்தில் ஒரு பெட்டை, மேலே போனால் புள்ளியாகிவிடும், இறங்கும்போது கல் போட்ட மாதிரி நேராக வந்து விழும். அது முதலில் அவனுடையது இல்லை. ரெஜினாவின் தம்பி குஞ்சிலிருந்து வளர்த்து, பேர் வைத்து, கப்பல் வேலைக்குப் போகும்போது அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போன புறா அது. ஒரு காற்று நாளில் அது ஏகாம்பரத்தின் கூட்டத்தோடு கலந்து அவன் மாடியில் இறங்கிவிட்டது. ரெஜினா செருப்புகூடப் போடாமல் சந்தைத் தாண்டி ஓடிவந்து, மூச்சு வாங்க அவன் வீட்டுப் படியேறி, கடைசிப் படியில் கால் வைத்தபோது சாம்பிராணி அவனுடைய நசுங்கிய அலுமினியக் கிண்ணத்திலிருந்து அலகை எடுத்துக்கொண்டிருந்தது.

"தண்ணி குட்ச்சிட்ச்சிம்மா" என்றான் ஏகாம்பரம். "இனிமே இது இந்த வூட்டுப் பொறா."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. முறை என்றால் முறைதானே என்கிற முகத்தோடு சொன்னான். ரெஜினா இறங்கிப் போனாள், போகும்போது படிக்கட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். அதற்கப்புறம் கப்பலிலிருந்து தம்பி போன் செய்யும்போதெல்லாம் சாம்பிராணி நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் பொய் இல்லை.

ஏகாம்பரத்தின் மனைவி தனபாக்கியம். பாக்கியம் என்றுதான் கூப்பிடுவோம், ஏகாம்பரத்தைத் தவிர. அவன் கூப்பிட்டால் "இந்தா" என்பான், அவசரமென்றால் "இந்தாமே" என்பான். புறாவுக்கெல்லாம் பேர் வைத்தவன் கட்டினவளின் பேரைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அவளும் புறாக்கூண்டின் பக்கம் போகமாட்டாள். ஆனால் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில், அவன் மூங்கில் கம்பில் கட்டிய கறுப்புத் துணியை ஆட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்கும்போது, படிக்கட்டின் அடியிலிருந்து அவள் குரல் கிளம்பும். "யோவ், சோறு ஆறிப்போவுது, எறங்கி வர்றியா இன்னா?" அந்தக் குரல் ஷெட்டில் நிற்கும் வேகன்களில் மோதித் திரும்பி வரும். எங்கள் சந்தில் பலர் விளக்குப் போடுவதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

அந்தத் தை மாதத்தில் பாக்கியத்தின் அண்ணன் வீட்டில் காதுகுத்து. மாமன் முறைக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்க, ஏகாம்பரம் பெரம்பூர் பாலம் வரைக்கும் வந்துவிட்டு, வானம் மூடுகிறதே, கூண்டைத் திறந்து வைத்துவிட்டு வந்தோமே என்று அங்கிருந்தே திரும்பிவிட்டான். "மாப்ள எங்கே, மாப்ள எங்கே" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி நொந்துபோன பாக்கியம் வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள். "இனிமே சோத்துக்கு உன்ன நான் கூப்ட்டா என்னிய ஏன்னு கேளு." மறுநாள் காலையில்தான் அவன் மேலே போனது.

எப்படிப் போனான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எப்படிப் போவான், புறா போகிற மாதிரித்தான் போனான். கூண்டைத் திறந்தான், விசில் அடித்தான், கம்பை ஆட்டினான், கலெக்டர் முதலில் எழும்பியது, மற்றதெல்லாம் பின்னால் எழும்பின, அவனும் கம்பைக் கீழே போட்டுவிட்டு எழும்பினான். கையைக்கூட விரிக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டியபடி, சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டு விழாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் பின்வரிசையில் சாம்பிராணிக்கும் வக்கீலுக்கும் நடுவில் வட்டம் போட்டான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "ஒயர்ல மாட்டிக்காத, பாத்து" என்றார்கள். தன் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்திருந்த ஒருவர் கீழே நின்று "ஏகாம்பரம், மோட்டார் ரெடியா?" என்று கத்திப் பார்த்தார், அவனுக்குக் கேட்கவில்லை என்றதும் நாளைக்கு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மதியம் மேகமும் துறைமுகத்துப் புகையும் சேர்ந்து கூட்டத்தை மறைத்தன, பிறகு காட்டின, பிறகு மறுபடியும் மறைத்தன. பாக்கியம் ஒருமுறை வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள். "ஓ, அங்கியே போய்ட்டியா" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதுப் புறா வாங்கினால் யாரும் உடனே பறக்க விடமாட்டார்கள். அதன் இறக்கையில் நூலைக் கட்டி, கம்பிக்கூண்டில் போட்டு, மாடியின் நடுவில் நாள் கணக்காக வைத்திருப்பார்கள். அது தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தொட்டியைப் பார்க்கும், கொடியைப் பார்க்கும், ஆள் யார் என்று பார்க்கும். மாடி காட்டுவது என்று அதற்குப் பேர். மாடி காட்டாத புறா மேலே போனால் எந்த வீட்டிலிருந்து கிளம்பினோம் என்று தெரியாமல் முழிக்கும். ஏகாம்பரம் வாழ்நாள் முழுக்க மாடியில் நின்று வானத்தைப் பார்த்தவன், வானத்தில் நின்று மாடியைப் பார்த்தவன் இல்லை. மேலேயிருந்து பார்த்தால் எல்லா மாடியிலும் கறுப்புத் தொட்டி, எல்லா மாடியிலும் கொடி, எல்லா மாடியிலும் கால் உடைந்த நாற்காலி. பொழுது சாய்ந்தது. அவன் தாழ வந்து, சந்தின் மேல் சுற்றிச் சுற்றி வந்து, ஏதோ ஒன்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு சுற்றுகிற மாதிரி எங்களுக்குப் பட்டது. கீழே பாக்கியம் வாயைப் புடவைத் தலைப்பால் அழுத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அன்று எங்களில் பாதிப் பேர் விளக்குப் போட மறந்துவிட்டோம்.

புறாக்கள் தங்கள் வீட்டில் இறங்கின. எதிர்மாடியில் ரெஜினா தன் புறாக்களை இறக்குவதற்காகக் கம்புத் தானியம் போட்ட டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் அந்தச் சத்தத்துக்குத் திரும்பி, தயங்கி, காலை நீட்டி அவள் மாடியில் இறங்கினான். உதடு வெடித்திருந்தது, கண் சிவந்திருந்தது, தலைமுடியெல்லாம் பின்பக்கம் படிந்திருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் செய்கிறதைத்தான் ரெஜினாவும் செய்தாள். சொம்பை நீட்டினாள்.

விஷயம் தெரிந்து பாக்கியம் செருப்பில்லாமல் சந்தைத் தாண்டி ஓடி, மூச்சு வாங்க ரெஜினா வீட்டுப் படியேறி, கடைசிப் படியில் கால் வைத்தபோது அவன் சொம்பைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான்.

"யோவ், வாய்யா வூட்டுக்கு."

அவன் அவளை யாரோ என்று பார்த்தான். பிறகு புறா கேட்டு வந்த சொந்தக்காரரிடம் சொல்கிற அதே முகத்தோடு, "தண்ணி குட்ச்சிட்டேன்மா" என்றான்.

அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. அது பறவைக்கு வைத்த முறை, ஆளுக்கு எப்படிச் செல்லும் என்று ஒரு பக்கம் கேட்டது. ஆள் நடந்து போயிருந்தால் செல்லாது, பறந்து போய் இறங்கினால் செல்லுமா செல்லாதா என்று இன்னொரு பக்கம் கேட்டது. பாக்கியம் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவன் முரண்டு பிடிக்கவில்லை, கத்தவில்லை, கைப்பிடிச் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நடுங்கினான். பிடிக்கப் போனால் புதுப் புறா நடுங்குமே, அதே நடுக்கம். பார்க்கச் சகிக்காமல் அவள் கையை விட்டுவிட்டாள்.

இஸ்மாயில் பாய் கடையில் கூடினோம். பாய் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, இன்னைக்கு இவன் ஒருத்தனுக்காக முறைய உட்டுக்குட்த்தா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து அந்தப் பொறா என்னுது, இந்தப் பொறா என்னுதுன்னு நிப்பான். மறுபடி மண்ட ஒடையும். அதுக்கு நான் பொறுப்பு எடுக்க முடியாது."

"அவரு பொறா இல்ல பாய். என் வூட்டுக்காரரு."

"அதான் எனக்கும் கொழப்பமா கீது" என்றார் பாய். அவர் கண் கலங்கியிருந்ததை நாங்கள் பார்த்தோம்.

"ஆளே ரெஜினா வூட்டுதுன்னா, ஆளோட பொறாங்களும் அவங்களுதுதான?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டுவைத்தார். அப்படியானால் சாம்பிராணியும் திரும்ப ரெஜினாவுக்குத்தானே என்று இன்னொருவர் கேட்டார். அப்படியானால் பாக்கியமும் அவனுடைய ஆள்தானே, அவளும் ரெஜினா வீட்டைச் சேர்ந்தவளா என்று மூன்றாமவர் கேட்க, எல்லோரும் இன்னொரு டீ வாங்கிக் குடித்தோம்.

எல்லோரும் ரெஜினாவைப் பார்த்தோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நான் தாகத்துக்குத்தான் பாய் குட்த்தேன். ஆனா குடுக்கறப்போ சாம்பிராணி நெனப்பு வந்துச்சி. வரலன்னு சொன்னா பொய்யி. எது முன்ன வந்துச்சி எது பின்ன வந்துச்சின்னு எனக்கே தெரியல."

ஏகாம்பரம் ரெஜினா வீட்டு மாடியிலேயே இருந்தான், கீழே இறங்கி வீட்டுக்குள் வரவே இல்லை. தொட்டி நிழலில் உட்காருவான், வெயில் நகர்ந்தால் அவனும் நகருவான். அவளுடைய புறாக்களோடு காலையில் மேலே போவான், சாயங்காலம் அவள் டப்பாச் சத்தத்துக்கு இறங்குவான். காயில் கட்ட வேண்டிய மோட்டாரையெல்லாம் ஆட்கள் ரெஜினா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் சந்தின் நடுவில் நின்றார்கள். கல்யாணம் ஆகாத பெண் வீட்டு மாடியில் ஆம்பளையா என்று வெளித்தெருவில் பேச்சு வந்தபோது, "ஆம்பள இல்ல, எறங்கின பொறா" என்று நாங்களே முட்டுக்கொடுத்தோம். சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாக்கியம் தூக்குச்சட்டியில் குழம்பு ஊற்றி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியில் கால் வைத்தாள். புறாக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். அடுத்த வீட்டுப் புறாவுக்கு இரை போடுவது திருட்டுக்குச் சமம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அவள் அந்தத் தூக்குச்சட்டியோடு படியிலேயே உட்கார்ந்து அழுதாள். முறை வைத்த நாங்கள் அவளுக்கு எதிரே நின்று தரையைப் பார்த்தோம். எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

பாய்தான் ஒரு வழி சொன்னார். பிடித்துக்கொண்டு போகத்தான் கூடாது, பறக்கிற புறா தன் இஷ்டத்துக்குப் பழைய வீட்டில் போய் இறங்கித் தண்ணீர் குடித்தால் அதை எந்த முறையும் தடுக்காது. பாக்கியம் தன் வீட்டுக் கூட்டத்தை விடட்டும், ரெஜினா தன் கூட்டத்தை விடட்டும், ஏகாம்பரம் மேலே போகட்டும், பொழுது சாயும்போது அவன் எங்கே இறங்குகிறானோ அங்கே. இத்தோடு பேச்சு முடிந்தது.

ரெஜினா ஒத்துக்கொண்டாள். ஒன்றே ஒன்று கேட்டாள். "சாம்பிராணியயும் நூலு கட்டாம மேல உடணும்க்கா. அதுவும் எங்க வேணா எறங்கட்டும்."

அன்றைக்கே புறாக்காரர்கள் கூட்டமாக வந்து பாக்கியத்துக்குப் புத்தி சொன்னார்கள். அவனுக்கு உயிர் அந்தப் பெட்டைதான், அதைக் கம்பிக்கூண்டில் போட்டு அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உன் மாடியில் வை, தன்னால் வந்து விழுவான், விட்டாயோ, அது அந்தப் பக்கம் போனால் அவனும் பின்னாலேயே போவான், அப்புறம் ஜென்மத்துக்கும் கிடைக்கமாட்டான் என்றார்கள். பாக்கியம் கூண்டைப் பார்த்தாள், எதிர்மாடியைப் பார்த்தாள்.

"அன்னிக்கி ரெஜினா என் வூட்டுப் படியில மூச்சு வாங்க நின்னப்போ நான் துணி காயப் போட்டுகினு பாத்துகினுதான் இருந்தேன்" என்றாள். "குட்த்துருய்யான்னு ஒரு வார்த்த சொல்லல. சாம்பிராணி போவட்டும். உட்டுர்றேன்."

புறாக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவள் கூட்டத்தைப் பழக்க ஆரம்பித்தாள். கலெக்டர் எது வக்கீல் எது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கூண்டுக்குள் கையை விட்டால் கொத்தின. விசில் அடித்தால் வெறும் காற்றுதான் வந்தது. கம்பை ஆட்டினால் மைனர் மட்டும் எழும்பி, தொட்டி மேல் உட்கார்ந்து அவளை வேடிக்கை பார்த்தது. "ஏ கலெக்டரே, ஒரு சுத்து போய்ட்டுத்தான் வாயேன், உனக்கு இன்னா கேடு" என்று அவள் கெஞ்சுவது சந்து முழுக்கக் கேட்கும். வேறு வழி தெரியாமல் அவனுடைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறினாள். அதற்கப்புறம் எழும்பின.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலைக்குப் போகவில்லை. எல்லா மாடியிலும் ஆள். இரண்டு கூட்டமும் மேலே போய்க் கலந்தன, நடுவில் ஏகாம்பரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றினான், சாம்பிராணி எல்லாவற்றுக்கும் மேலே புள்ளியாகிப் போனது. வெயில் ஷெட்டின் தகரக் கூரையில் ஏறி, காய்ந்து, இறங்கியது. பாக்கியம் தன் மாடியில் நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாள். ரெஜினா தன் மாடியில் டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் சாம்பிராணி இறங்கியது. சந்தின் மேல் ஒரு வட்டம்கூடப் போடவில்லை. கல் போட்ட மாதிரி நேராக வந்து, ரெஜினா வீட்டு மாடியில், அவள் தம்பி பழைய பெட்டியை அறுத்துச் செய்து வைத்த கூட்டின் மேல் உட்கார்ந்தது. இத்தனை நாள் அடுத்த வீட்டுத் தண்ணீர் குடித்த புறா. ரெஜினா டப்பாவைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள், அது குடித்தது. முறைப்படி அது முடிந்தது.

நாங்கள் பயந்த மாதிரியே ஏகாம்பரமும் அந்தப் பக்கம் திரும்பினான். தாழ வந்தான். பாக்கியம் டப்பாவைக் குலுக்கினாள். கலெக்டர் வந்தது, வக்கீல் வந்தது, மைனர் வந்தது, அவன் வரவில்லை. விசில் அடித்தாள், காற்று வந்தது. புறாக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி குரலைக் குழைத்து "வா, வா, கண்ணு, வா" என்றாள், அது அவள் வாயில் ஒட்டவே இல்லை, அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவனுடைய கால் ரெஜினா வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் மேலே வந்துவிட்டது. பாக்கியம் டப்பாவைத் தூக்கி எறிந்தாள். கம்புத் தானியம் மாடி முழுக்கச் சிதறியது.

"யோவ்! சோறு ஆறிப்போவுது, எறங்கி வர்றியா இன்னா?"

அந்தச் சத்தம் வேகன்களில் மோதித் திரும்பி வந்தது. எங்கள் சந்தில் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் பழக்கத்தில் கையை நீட்டி விளக்கைப் போட்டார்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் வந்தது. ஏகாம்பரம் நீட்டின காலை மடக்கிக்கொண்டான். ஆகாயத்திலேயே ஒரு நிமிஷம் நின்றான். பிறகு உடம்பைத் திருப்பி, சந்தைத் தாண்டி, தன் வீட்டு மாடியில், தொட்டிக்குப் பக்கத்தில் வந்து இறங்கினான்.

இனிமேல்தான் கஷ்டம். இறங்கின புறா தண்ணீரில் வாய் வைக்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. எல்லா மாடியிலிருந்தும் புறாக்காரர்கள் பாக்கியத்துக்குக் கையைக் காட்டினார்கள், அசையாதே, பேசாதே, மூச்சு விடாதே. வாழ்க்கையில் வாயை மூடியறியாத பாக்கியம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தொட்டியைப் பார்த்தான். கொடியைப் பார்த்தான். தன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளையைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான், நகர்ந்தான், மறுபடியும் பார்த்தான். பிறகு குந்தி உட்கார்ந்து, அதை இரண்டு கையாலும் எடுத்து, மிச்சம் வைக்காமல் குடித்தான்.

குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "யாரு வூடும்மா இது?"

பாக்கியம் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"தண்ணி குட்ச்சிட்ட இல்ல?" என்றாள். "இனிமே இந்த வூடுதான்."

ஆக, ஆள் கிடைத்தான். ஆனால் கிடைத்தது அவள் புருஷனா, அவள் வீட்டில் புதிதாக இறங்கின ஒருவனா என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பழைய ஏகாம்பரம்தான், வழி மட்டும்தான் மறந்திருக்கிறது என்றார்கள் சிலர். வழியை மறந்தவன் வீட்டை மறந்தான், வீட்டை மறந்தவனுக்குப் பெண்டாட்டி மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும் என்றார்கள் சிலர். பாக்கியம் இரண்டு கட்சியையும் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் காலையில் அவன் காயில் கட்டுகிற செம்புக்கம்பியில் நீளமாக ஒரு துண்டு எடுத்து, ஒரு முனையை அவன் மணிக்கட்டில் வலிக்காமல் சுற்றி, மறுமுனையைத் தொட்டிக் குழாயில் கட்டினாள். கால் உடைந்த நாற்காலிக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து அவனை மாடியின் நடுவில் உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். எதிர்மாடியில் ரெஜினா சாம்பிராணிக்கு அதே மாதிரி நூல் கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இது தொட்டி" என்றாள் பாக்கியம். அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இது கொடி. அது கூண்டு. தோ, நெஞ்ச நிமித்திகினு போவுதே, அது கலெக்டரு."

ஒவ்வொன்றுக்கும் அவன் தலையாட்டினான். தெரிந்து ஆட்டினானா, புதுப் புறா ஆட்டுகிற மாதிரி ஆட்டினானா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. காட்டுவதற்கு மாடியில் வேறு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போன பிறகு, அவள் அவன் மணிக்கட்டுக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினாள். பிறகு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி, "இது நான்" என்றாள்.

ஏகாம்பரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கொரலு மேலயே கேட்டுச்சி" என்றான்.